நொண்டி வரும் வண்டி

“ஏங்க... இது கடை வாசல். வண்டி நிறுத்தற இடம் இல்ல!”

ஷட்டரைப் பாதி இறக்கிய கையோடு அவள் கத்தினாள். மழைச் சத்தத்தில் அது அவன் காதில் விழுந்ததோ இல்லையோ, அவன் திரும்பவில்லை. கறுப்பு நிறப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று சரியாக அவள் கடைப்படிக்கு முன்னால் நின்றிருந்தது. அவன் கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தான். ஒரு உதை... இன்னொரு உதை... வண்டி ‘ம்’ என்றுகூடச் சொல்லவில்லை.

“உங்களைத்தாங்க!”

இப்போது திரும்பினான். நெற்றி முடியிலிருந்து தண்ணீர் வழிந்து இமையில் நின்றது. அழுதுவிட்டு வந்த கண்ணா, மழையில் நனைந்த கண்ணா... அவளால் சட்டென்று சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததால் இன்னும் ஒரு நொடி அதிகமாகப் பார்த்துவிட்டாள்.

“நான் நிறுத்தலைங்க. அதுவா நின்னுடுச்சு.”

“அதுக்கு என் கடை வாசல்தான் கிடைச்சுதா?”

“நேத்து பேக்கரி வாசல்ல நின்னுச்சு. முந்தாநேத்து பள்ளிக்கூட வாசல்ல. இன்னிக்கு உங்க முறை போலிருக்கு.”

சிரிப்பு வந்தது. வரக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடையைச் சாத்தும் நேரத்தில் சிரித்துப் பேசினால் யாராக இருந்தாலும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்பது அவளுடைய அனுபவம்.

“கொஞ்ச நேரம் குடுங்க. ஆறினா தானா கிளம்பிடும்” என்றான்.

அந்த ஒரு சொல்லில் அவள் காது நிமிர்ந்தது. “சூடானா நிக்குது... ஆறினா கிளம்புது. அப்படித்தானே?”

“ஆமா. கார்புரேட்டர்ல அடைப்பு.”

“எத்தனை தடவை கழட்டிச் சுத்தம் பண்ணீங்க?”

அவன் கொஞ்சம் அசடு வழிந்தான். “...நிறைய தடவை.”

“பாவம், அதை விட்டுடுங்க. அது ஒரு தப்பும் பண்ணலை. பொறி குடுக்கற மேக்னட்டோவுக்குள்ள காயில் போயிடுச்சு. சூடு ஏறினதும் உள்ள கம்பிக்குக் கம்பி ஒட்டிக்குது. பொறி நின்னுடுது.”

அவன் அண்ணாந்து பலகையைப் படித்தான். ‘மோட்டார் வைண்டிங் செய்து தரப்படும்.’ பிறகு அவளைப் பார்த்தான். வார்னிஷ் கறை படிந்த விரல்களை அவள் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஏன் மறைத்தோம் என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

தண்ணீர் மோட்டார், மின்விசிறி, மாவரைக்கும் இயந்திரம்... கருகிப்போன எதற்கும் புதிதாகச் செப்புக் கம்பி சுற்றித் தருவது அவள் தொழில். அண்ணன் ஆரம்பித்த கடை. அவன் வேலை தேடிக் கடல் கடந்து போனதும் கடை அவள் கைக்கு வந்தது. தெருவே அவளை ‘வைண்டிங்’ என்றுதான் கூப்பிடும். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் அவள் விரல்களைப் பார்த்துவிட்டுக் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போயிருந்தன.

“சுத்தித் தர முடியுமா? எவ்ளோ நாளாகும்?” அவன் குரலில் அவசரம் இருந்தது.

“பழைய மேக்னட்டோ. மெதுவாத்தான் செய்யணும். என்ன அவசரம்... மாப்பிள்ளை ஊர்வலமா?”

கேட்டபின் கேட்டிருக்க வேண்டாமே என்று ஆகிவிட்டது. அவன் முகம் அப்படியே வாடிவிட்டது.

“இல்லைங்க. எங்கம்மா சாப்பிட மாட்டேங்கறாங்க.”

அதற்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. ஷட்டரை மறுபடி மேலே தூக்கினாள். அவன் உள்ளே வந்து, ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, நனைந்த கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற மருந்துக்கடை அவனுடையது. முன்பு அப்பாவுடையது. தினமும் சாயங்காலம் கடையிலிருந்து அப்பா இந்த வண்டியில்தான் வீட்டுக்கு வருவார். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டால்தான் அம்மா தட்டை எடுத்து வைப்பாள். அதற்குமுன் ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டாள். அப்பா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. வண்டி கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. இப்போது அம்மாவுக்கு நினைவு தப்பிப் போகிறது. தப்பித் தப்பி, அப்பா இருந்த நாட்களில் போய் நின்றுவிட்டது.

“சாயங்காலம் ஆனா ஜன்னல்கிட்டயே படுத்திருப்பாங்க. ‘அவர் இன்னும் வரலையே... வரட்டும், சாப்பிடறேன்’னு தட்டைத் தள்ளிடுவாங்க. ‘அப்பா போயிட்டாரும்மா’ன்னு சொன்னா... முதல் தடவையா கேக்கற மாதிரி அழறாங்க. தினம் புதுசா அழறாங்க. அதான் சொல்றதை நிறுத்திட்டேன்.” கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். “சத்தம் கேட்டா சாப்பிடுவாங்களோன்னு ஒரு நினைப்பு. எஞ்சின் இறக்கி, துரு தேச்சு, பெயின்ட் அடிச்சு... எல்லாம் நானே பண்ணேன். இந்தக் கரண்ட் சமாசாரம் மட்டும்தான் கைக்கு வரலை. பைத்தியக்காரத்தனமா இருக்கா?”

அவள் கையை நீட்டி, அதட்டலாகவே சொன்னாள்.

“அந்த மேக்னட்டோவைக் கழட்டிக் குடுங்க. வெளிச்சம் போறதுக்குள்ள பார்த்துடறேன்.”

*

காயிலைப் பிரித்தபோது அவள் சொன்னது சரியாகவே இருந்தது. உள் அடுக்கு முழுவதும் கருகி, பழைய வார்னிஷ் உருகிப் பாகாகியிருந்தது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி. ஒரு சுற்று தப்பினாலும் மொத்தமும் வீண். அடுக்குக்கு ஒரு காகிதம் வைத்து, மூச்சைக்கூட அளந்துவிட்டு, அவள் சுற்றினாள். வேறு யாருடைய வேலையாக இருந்தாலும் நடுவில் ஒரு டீயாவது குடித்திருப்பாள்.

பொறியைத் திறந்து மூடுகிற பாயிண்டைக் கழற்றியபோதுதான் அந்தத் துணுக்கு விழுந்தது. மாத்திரை அட்டையில் இருக்குமே, வெள்ளித்தாள்... அதைக் கிழித்து மடித்து, பாயிண்டுக்கு அடியில் யாரோ சொருகியிருந்தார்கள். இடைவெளி குறைந்து, பொறி தடுமாறும் அளவுக்கு.

“எந்தப் புண்ணியவான் வேலையோ!” என்று அதை எடுத்துக் கழிவுக் கம்பிகள் கிடக்கும் டின்னில் எறிந்தாள். பாயிண்டைத் தேய்த்து, இடைவெளியை அளந்து வைத்து, திருகை முறுக்கினாள். தன் கையை விட்டுப் போகிற வேலையில் ஒரு குறை இருக்கக்கூடாது. ஊர் அவளை என்ன சொன்னாலும் அதை மட்டும் சொன்னதில்லை.

அவன் தினமும் வந்தான். முதல் நாள் ஸ்பார்க் பிளக் கொண்டு வந்தான். அடுத்த நாள் அந்த பிளக்கைத் துடைக்க ஒரு துணி கொண்டு வந்தான். அதற்கடுத்த நாள் கொண்டுவர எதுவும் கிடைக்காமல் இருமல் மருந்து கொண்டு வந்தான்.

“எனக்கு இருமல் இல்லையே...”

“வார்னிஷ் புகையில உக்காந்திருக்கீங்க. வரும்.”

மாடியிலிருந்து இறங்கி வந்த அண்ணி அந்த பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் போகும்வரை பொறுத்திருந்தாள்.

“ஊர்ல பூ வாங்கித் தருவாங்க, புடவை வாங்கித் தருவாங்க... உனக்கு இருமல் மருந்தாடி வருது?”

“அண்ணி... கஸ்டமர் அவர்.”

“சரி சரி. கஸ்டமர் போற பக்கமே பார்த்துக்கிட்டு கம்பியைத் தப்பா சுத்திடாதே.”

அவள் குனிந்துகொண்டாள். கஸ்டமர்தான். கஸ்டமர் கண்ணில் எப்போதும் ஒரு ஈரம் இருக்கிறதே... அது மழையில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய?

மேக்னட்டோவைப் பூட்டிய அன்று, ஒரே உதையில் வண்டி எழுந்தது. சூடேறட்டும் என்று ஓடவிட்டார்கள். நிற்கவில்லை. சீராக, ஒரு துடிப்புகூடப் பிசகாமல் ஓடியது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாள். கர்வம் தாங்கவில்லை.

அவன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். “உங்களுக்கு வண்டி ஓட்ட வருமா? நான் அம்மா பக்கத்துல தட்டோட உக்காந்திருக்கணும். சத்தம் கேட்ட உடனே ஊட்டணும். வேற யார்கிட்ட கேக்கறதுன்னு...”

“அண்ணன் வண்டியை அவனைவிட நான்தான் அதிகமா ஓட்டியிருக்கேன். போங்க, தட்டை எடுத்து வைங்க” என்றாள்.

*

தூறலில் அந்தத் தெருவுக்குள் திரும்பியபோது அவள் நெஞ்சு வண்டியைவிட வேகமாக அடித்தது. கடைசி வீடு. ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், கொஞ்ச நேரம் ஓடவிட்டாள்.

உள்ளே அவன் குரல் கேட்டது. “அம்மா... வண்டிச் சத்தம் கேக்குதா?”

“கேக்குது.” மெலிந்த குரல். “அடுத்த வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்க.”

“இல்லம்மா, நம்ம வீட்டுக்குத்தான். அப்பா...”

“எனக்குத் தெரியாதா உங்கப்பா வண்டி? இது யாரோ.” பிறகு அந்தக் குரல் நடுங்கியது. “யாருடா வாசல்ல? கதவைச் சாத்து. அவர் ஏன் இன்னும் வரலை? அவருக்கு என்னமோ ஆயிடுச்சுடா... என்கிட்ட மறைக்கிறே நீ...”

தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது. அவள் அவசரமாக எஞ்சினை அணைத்தாள்.

அவன் வெகுநேரம் கழித்து வெளியே வந்தான். சட்டையில் சாப்பாடு சிந்தியிருந்தது. கண் சிவந்திருந்தது.

“எஞ்சின் அதேதான். சைலன்சர் அதேதான். என்ன மாறுச்சு? நீங்க வேற ஏதாவது மாத்தினீங்களா?”

“காயில் புதுசு. அது தவிர எதையும்...” என்றவள் நிறுத்தினாள். “பாயிண்டுக்கு அடியில யாரோ மாத்திரை அட்டைத் தாளை மடிச்சு வச்சிருந்தாங்க. அதை எடுத்துட்டு ஒழுங்கா வச்சேன். அதனாலதான் இப்ப சீரா ஓடுது.”

அவன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். “அப்பா வச்சது. மழையில நடுரோட்டுல வண்டி நின்னப்ப, பையில இருந்த மாத்திரை அட்டையைக் கிழிச்சு வச்சார். அப்போதைக்குன்னு வச்சதுதான். அப்படியே விட்டுட்டார். அதுக்கப்புறம் வண்டி எப்பவும் நொண்டிக்கிட்டுத்தான் வரும். அந்த நொண்டல்தாங்க எங்கம்மாவுக்கு அப்பா!” குரல் உடைந்தது. “யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

“கெட்டுப்போனதை எடுக்க யாரைக் கேக்கணும்? வண்டி நொண்டும்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“அம்மா அந்த நொண்டலைத்தான் கேட்டாங்கன்னு எனக்கே இப்பதானே தெரியுது! உங்க வேலை சுத்தமா இருக்கணும்... அவ்ளோதான் உங்களுக்கு.”

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. எத்தனை நாள் உட்கார்ந்து சுற்றியிருப்பாள்! வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று தெரிந்தது. வண்டிச் சாவியை சீட்டின் மேல் வைத்துவிட்டு, தூறலில் நடந்தே வீட்டுக்கு வந்தாள். அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டாள்.

*

மழை விடவில்லை. வேலை வந்துகொண்டே இருந்தது. கருகிய மோட்டார்களைப் பிரித்தாள், சுற்றினாள், கொடுத்தாள். கடை வாசலில் ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் நிமிர்ந்தாள். அவனில்லை. வரட்டும் என்று நினைத்தாள். வந்தால் பேசக்கூடாது என்றும் நினைத்தாள். இப்படி இரண்டையும் ஒன்றாக நினைப்பதற்குப் பெயர் என்ன என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. நல்லவேளை.

அண்ணிதான் செய்தி கொண்டு வந்தாள். தலைவலி மாத்திரை வாங்கப் போனவள், மாத்திரையை மறந்துவிட்டு வந்து நின்றாள்.

“அந்தம்மா இப்ப சுத்தமா சாப்பிடறதே இல்லையாம். கையில ட்ரிப்ஸ் ஏத்தியிருக்காங்களாம். அந்தப் புள்ள மூஞ்சியைப் பார்க்க முடியலடி. என்ன சண்டை உங்களுக்குள்ள?”

“சண்டையெல்லாம் இல்ல. நான் ஒழுங்கா செஞ்சது தப்பாம்.”

“ஒழுங்கா செஞ்சே. சரி. அதனால யாருக்கு வயிறு ரொம்புச்சு?”

அண்ணி மாடி ஏறிப் போய்விட்டாள். அவள் எழுந்து கழிவு டின்னைப் பார்த்தாள். காலியாக இருந்தது. பழைய செப்பு வாங்குகிறவன் முந்தின வாரமே வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தான். காலி டின்னுக்கு முன்னால் உட்கார்ந்து அன்றுதான் அழுதாள்.

மறுநாள் மருந்துக்கடை முன் போய் நின்றாள். அவன் கண்ணாடி அலமாரிக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்தான். முகத்தில் பல நாள் தாடி.

“ஒரு மாத்திரை அட்டை வேணும்.”

“என்ன மாத்திரை? டாக்டர் சீட்டு இருக்கா?”

“மாத்திரை வேணாம். அட்டை மட்டும் போதும்.” குரலை நேராக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. “நான் நல்லா பண்ணினதை நானே கெடுத்துத் தரேன். வண்டியைக் கொண்டு வாங்க.”

அவன் அலமாரியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்துகொண்டான். பிறகு கைக்குக் கிடைத்த அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட ஆரம்பித்தான்.

“ஊருக்கே காய்ச்சலா? ஒண்ணு போதுங்க...” என்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

ஒழுங்காகச் செய்வது சுலபம். அதற்கு அளவு இருக்கிறது. ஒரு மனிதரின் அவசரத்தை அப்படியே திரும்பச் செய்ய அளவு எங்கே கிடைக்கும்? ஒரு மடிப்பு வைத்தால் வண்டி நொண்டவே இல்லை. நான்கு மடிப்பு வைத்தால் ஓடவே இல்லை. அவன் கண்ணை மூடி, மேஜையில் விரலால் தட்டிக் காட்டினான். டப், டப், டப்... ஒரு துடிப்பு விட்டு... மறுபடி டப்.

“இப்படியா?”

“இல்ல... அந்த விடற இடம் இன்னும் கொஞ்சம் நீளம். மறந்து போய் ஞாபகம் வந்த மாதிரி இருக்கும்.”

“இப்ப?”

“மூணு அடிக்கு ஒரு தடவை விடணும். இது ரெண்டுக்கே விடுது.”

அவள் தாளைக் கத்திரித்தாள், மடித்தாள், ஓரத்தை நகத்தால் தேய்த்தாள். அவன் தட்டினான். கொஞ்ச நேரத்தில், அவன் தட்டுவதைக் கேட்க அவள் நிமிரவே தேவையில்லாமல் போயிற்று. திருகைப் பிடிக்க இரண்டு கை போதாமல் அவன் விரலை வைத்தான். கறுத்த அவள் விரலுக்குப் பக்கத்தில் அவன் வெள்ளை விரல். இந்த முறை அவள் மறைத்துக்கொள்ளவில்லை.

“அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக்கூடாது” என்றான் மெதுவாக.

“திருகைப் பாருங்க” என்றாள் அதைவிட மெதுவாக.

கிக்கரை உதைத்தான். வண்டி எழுந்தது. மூன்று துடிப்பு... ஒரு மௌனம்... மூன்று துடிப்பு. அவன் முகம் போன போக்கைப் பார்த்ததுமே இதுதான் அது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

*

அன்று சாயங்காலம் தெருமுனையில் திரும்பும்போதே ஜன்னலுக்குள் ஏதோ அசைந்தது. அவள் வாசலுக்கு வந்து நிறுத்துவதற்குள் அந்த மெலிந்த குரல் கேட்டது.

“வந்துட்டார்.” அழுகை இல்லை, ஆச்சரியமும் இல்லை. தினமும் சொல்கிற மாதிரி சொன்னாள். “எழுந்திரிடா, அப்பாவுக்கும் தட்டு எடுத்து வை. ஏன் இவ்ளோ நேரம்னு கேளு.”

“மழைம்மா... மெதுவா வந்தாராம். கை கழுவிட்டு வரட்டும், நீ ஒரு வாய் வாங்கு.”

அதன்பிறகு தட்டில் ஸ்பூன் படும் சத்தம். ஒரு வாய்... இன்னொரு வாய். வெளியே கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் நின்றுகொண்டு அவள் ஒவ்வொன்றையும் கேட்டாள். எஞ்சின் ‘டிக் டிக்’ என்று ஆறிக்கொண்டிருந்தது.

வண்டியைத் தன் கடையிலேயே வைத்துக்கொண்டு, அந்த மழைக்காலம் முழுவதும் அவள் தினமும் வந்தாள். உள்ளே மட்டும் போகவில்லை. போனால் வந்தது யாரென்று அம்மா பார்த்துவிடுவாளே! சாப்பிட்ட களைப்பில் அம்மா கண் அசந்ததும் அவன் வெளியே வருவான். ஈரப் படியில் இருவரும் கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

“இன்னிக்கு முழுசா சாப்பிட்டாங்க.”

“ம்.”

“நீங்க நனைஞ்சுட்டீங்க.”

“அதனால என்ன. உங்ககிட்ட இருமல் மருந்து இருக்கே.”

அதற்குமேல் பேச்சு போகாது. அவன் ஏதோ சொல்ல வருவான். உள்ளே அம்மா புரண்டு படுக்கிற சத்தம் கேட்கும், நிறுத்திவிடுவான். அவளும் கேட்க மாட்டாள். ஒரு செத்த மனிதரின் வண்டியில் வருகிறவள் தனக்கென்று எதைக் கேட்பது? ஆனால் சாயங்காலம் நெருங்கினால் கை தானாக வேலையை ஒதுக்கி வைத்தது. நாம்தான் ஏமாற்றுகிறோம், நாம்தான் ஏமாறுகிறோம் என்று வண்டியில் வரும்போது சில நாள் அழுதாள். மழையில் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் அவள் வந்து நிறுத்தியபோது ஜன்னலில் வெளிச்சம் இல்லை. வாசலில் செருப்புகள் நிறைய கிடந்தன. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அம்மா, அவர் வரும் நேரம் ஆகிவிட்டது என்று சொல்லி எழுந்து உட்கார்ந்தாளாம். உட்கார்ந்தபடியே போய்விட்டாளாம்.

கூட்டத்துக்கு நடுவே அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் யாரென்று அங்கே யாருக்கும் தெரியாது. உறவு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு சொல்லும் இல்லை. வாசலிலேயே நின்றுவிட்டு, வண்டியை அங்கேயே விட்டு நடந்து திரும்பினாள்.

*

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டே கடைக்கு வந்தான். ஓட்டிக்கொண்டு வரவில்லை.

“இனிமே இதுக்கு வேலை இல்லைங்க. அந்தத் தாளை எடுத்துட்டு, நீங்க முதல்ல பண்ண மாதிரியே நல்லா பண்ணிடுங்க. யாராவது ஆசைப்பட்டு ஓட்டறவங்ககிட்ட குடுத்துடலாம். என்னால வீட்டுல வச்சுப் பார்க்க முடியலை.”

அவன் வண்டியைத்தான் பார்த்துப் பேசினான். அவள் பக்கம் திரும்பவில்லை. அவளுக்குள் ஏதோ அறுந்தது. அவ்வளவுதானா? வேலை முடிந்தது, வண்டி போகலாம். வண்டியில் வந்தவள்?

“சரிங்க. விட்டுட்டுப் போங்க” என்றாள். அதே பழைய கர்வம்தான் அப்படிச் சொல்ல வைத்தது.

அவன் போனபின் மேக்னட்டோவின் மூடியைக் கழற்றினாள். ஸ்க்ரூ டிரைவரைத் திருகில் வைத்தாள். அரைத் திருப்பு போதும், தாள் விழுந்துவிடும். வண்டி சீராக ஓடும். யாருடையதும் இல்லாத வண்டியாகிவிடும்... கை நகரவில்லை. ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டாள். மறுநாளும் எடுத்தாள், வைத்தாள்.

“மருந்துக்கடை திறக்கவே இல்லடி” என்றாள் அண்ணி. இந்த முறை கிண்டல் இல்லை. “பக்கத்து வீட்டுல சாப்பாடு கொண்டு போனா, ‘அப்புறம் சாப்பிடறேன், வச்சுட்டுப் போங்க’ங்கறாராம். மறுநாள் பார்த்தா தட்டு அப்படியே இருக்காம். சாயங்காலம் ஆனா ஜன்னல்கிட்ட போய் உக்காந்துக்கறாராம். என்ன வியாதியோ...”

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வியாதியை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். மூடியைப் போட்டாள், திருகை முறுக்கினாள், கையைக்கூடக் கழுவவில்லை.

“எங்கேடி இந்த மழையில?”

“வீட்டுக்கு அண்ணி” என்று சொல்லிவிட்டாள். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. அண்ணி ஷட்டரைத் தூக்கிவிட்டாள்.

மூன்று துடிப்பு... ஒரு மௌனம்... மூன்று துடிப்பு. தெருமுனை. கடைசி வீடு. ஜன்னல் இருட்டாக இருந்தது. வாசலில் நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. ஓடட்டும், கேட்கட்டும்.

விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. இளைத்துப்போய், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அம்மா இல்லைங்களே...” என்றான், அவளுக்குத் தெரியாததுபோல.

“தெரியும். அம்மாவுக்காக வரலை.” மழை அவள் முகத்தில் வழிந்தது. “இந்த வீட்டுல இன்னொருத்தர் வண்டிச் சத்தம் கேக்காம சாப்பிட மாட்டேங்கறாராமே... அவருக்காக வந்தேன்.”

அவன் எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்தான். “தாளை எடுக்கலையா?”

“எடுக்கலை. எடுக்கவும் மாட்டேன். இந்த வண்டியை யாருக்கும் குடுக்கவும் மாட்டேன். உங்களுக்கு வேணும்னா... என் கடைக்குத்தான் வரணும்.”

“தினம் அந்த நேரம் ஆனா காது தானா தெருமுனைக்குப் போயிடுதுங்க” என்றான். கண்ணீர் தாடியில் இறங்கியது, துடைக்கவில்லை. “முதல்ல அம்மா நினைப்புன்னு நினைச்சேன். இல்லை. உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். அம்மாவுக்கு ஊட்டும்போதெல்லாம் வெளியே நீங்க நிக்கறீங்கங்கற தைரியத்துலதான் ஊட்டினேன். உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க. அம்மா பசியில இருக்கும்போது அதைச் சொன்னா பாவம்னு இருந்துச்சு. அம்மா போனதும் சொன்னா அதைவிடப் பாவம்னு இருந்துச்சு.”

“அதனால வண்டியைக் கொண்டாந்து என் தலையில கட்டிட்டீங்க.”

“வண்டி இருந்தா வருவீங்களோன்னு... ஒரு ஆசையும் இருந்துச்சு.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “எனக்கும் பிடிச்சிருக்கு. முதல் நாள் கடை வாசல்ல வந்து நின்னீங்களே... அன்னிலேர்ந்து. போதுமா?”

எஞ்சினை அணைத்தாள். தெரு திடீரென்று அமைதியானது. அவன் கதவை முழுவதுமாகத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். அத்தனை நாள் வந்தும் ஏறாத அந்தப் படியில் அவள் ஏறினாள். ஜன்னல் ஓரத்தில் அம்மாவின் கட்டில் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் மூடி வைத்த சாப்பாடு, தொடாமல். அவன் உள்ளே போய் இரண்டு தட்டுகளை எடுத்து வந்து வைத்தான். வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், அம்மாவின் குரலை அப்படியே ஞாபகம் வைத்திருப்பவனைப் போலக் கேட்டான்.

“ஏன் இவ்ளோ நேரம்?”

அவள் வாசலில் நொண்டி வந்து நிற்கும் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். கறுத்த விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மழைங்க... மெதுவாத்தான் வர முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு, கை கழுவப் போனாள்.